ஓ.டி. பிஸ்கட்டைச் சாப்பிட்டது யார்?

1. டேப் எங்கே போகிறது?

முப்பது வருடம் தொழிற்சாலை கேன்டீன்களில் குப்பை கொட்டியவன் நான். அதில் கடைசி ஒன்பது வருடம் ஒரகடத்தில். கார்களுக்கு ஒயரிங் கட்டும் கம்பெனி அது. லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சமையல் காண்டிராக்ட் எங்களுடையது, நான் கேன்டீன் மேனேஜர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் சமையல் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் நான் கோட்டை விட்டேன். அதைச் சொல்கிறேன்.

காலை ஷிப்ட் இரண்டரை மணிக்கு முடியும். ஓவர்டைம், அதாவது ஓ.டி. பார்ப்பவர்கள் ஆறரை வரை நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில் டீ, ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட், அட்டை டப்பாவில் ஒரு மாம்பழ ஜூஸ். அந்த மெனுவைப் போட்டவன் நானே. கெட்டுப்போகாது, கை அழுக்காகாது, குறை சொல்ல ஆள் இல்லை. ஆடிட்டுக்கு வந்தவர்கள் என் ரிப்போர்ட்டைப் பார்த்து ‘ஜீரோ வேஸ்டேஜ்’, எதுவும் வீணாவதில்லை, என்று எழுதிவிட்டுப் போனபோது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் கருத்துப் புத்தகத்தைப் படிக்க மாட்டோம், குப்பைத் தொட்டியைத்தான் படிப்போம். ஒருநாள் ஓ.டி. கவுன்ட்டர் பக்கத்துத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். டீ கப்புகள் மட்டும் கிடந்தன. ஒரு பிஸ்கட் கவர் இல்லை, ஒரு ஜூஸ் டப்பா இல்லை. அடுத்த நாளும் அப்படியே. நமக்குத்தான் புத்தி நேராகப் போகாதே! யாரோ மொத்தமாக வாங்கி வெளியே கடைக்குத் தள்ளுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்றிலிருந்து கவுன்ட்டரிலேயே பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து, ஜூஸில் ஸ்ட்ராவைக் குத்திக் கொடுக்கும்படி உத்தரவு போட்டேன். இனி எப்படி எடுத்துப் போவார்கள், பார்க்கலாம்!

தொட்டியில் அப்போதும் டீ கப்புகள் மட்டும்தான்.

பத்து நாள் கழித்து லைன் சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். “சார், ஓ.டி. அன்னிக்கு மட்டும் எங்க லைன்ல இன்சுலேஷன் டேப் ஜாஸ்தியா போவுது. ஏன்னு புரியல. உங்க பசங்க யாராச்சும் எடுக்கறாங்களா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பையன்கள் டேப்பை வைத்துக்கொண்டு சாம்பாரா கட்டப்போகிறார்கள்? அன்று மாலை ஆறரைக்கு நானே கேட்டில் போய் நின்றேன்.

2. கேட்டில்

செக்யூரிட்டி முதலில் திறந்த பை ஸ்டெல்லாவுடையது. வடக்குப்பட்டிலிருந்து வருகிற பெண், முப்பது வயதிருக்கும், டேப் சுற்றும் லைனில் ஆபரேட்டர். பைக்குள் டிபன் பாக்ஸ், குடை, அதன் கீழே என்னுடைய பிஸ்கட்டும் ஜூஸும். ஸ்ட்ரா குத்திய ஓட்டையின் மேல் கறுப்பு டேப். கத்தரித்த மூலையிலும் டேப்.

ஜூஸ் டப்பாவை வாங்கித் தலைகீழாகப் பிடித்தேன். உதறிக்கூடப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. டேப் ஒரு சுருக்கம் இல்லாமல், ஓரம் மடிந்து, பிரிப்பதற்கு நுனியில் சின்னக் காது விட்டு ஒட்டியிருந்தது. காருக்குள் தண்ணீர் இறங்கக்கூடாது என்று கற்றுக்கொண்ட கை அது. அடுத்த பையிலும் அதே டேப், அதற்கடுத்த பையிலும் அதே காது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாம்மா இது?” என்றேன். எனக்கே என் குரல் இறங்கிப்போனது தெரிந்தது.

ஸ்டெல்லாதான் பேசினாள். “டேப் எடுத்தது தப்புதான் சார். எய்திக்கோங்க. ஆனா பிஸ்கட்டு எங்குளுக்குக் குடுத்ததுதான? நான் துன்னல, பொண்ணுக்கு எடுத்துனு போறேன். காலைல அது தூங்கும்போது கெளம்புறேன். சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல வந்து நின்னுனு இருக்கும். வெறுங்கையோட எப்டி சார் எறங்கறது?”

“எல்லாரும் அப்படித்தானா?”

“இங்க கீற யாரையாச்சும் கேளுங்க சார்.”

கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் எல்லா முகத்திலும் எழுதியிருந்தது. காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைப்பது அந்த ஒரு பாக்கெட்தான். அதைப் பிரித்துக் கையில் கொடுத்தும்கூட, ஒருத்தியும் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் முடியுமா? சத்தியமாக முடியாது.

3. வடக்குப்பட்டு நிறுத்தம்

அன்று என் வண்டியை விட்டுவிட்டு அவர்களுடைய கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். உண்மையா என்று பார்க்கத்தான் ஏறினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் நின்றார்கள். யாரும் பஸ்ஸைப் பார்த்து ஓடிவரவில்லை. படிக்கட்டில் இறங்கும் கால்களைப் பார்த்தே அவரவர் அம்மாவைக் கண்டுபிடித்தார்கள். வடக்குப்பட்டில் ஸ்டெல்லா இறங்கியதும் அவள் மகள் ஜெனி வந்து கையை நீட்டினாள். இரண்டாம் வகுப்பு. எடை இல்லாத உடம்பு, பெரிய கண். ஸ்டெல்லா டேப்பின் காதைப் பிடித்து ஒரே இழுப்பில் பிரித்தாள். ஜெனி என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பற்கள் கறுத்து, கரைந்து, ஈறோடு ஒட்டிக் கிடந்தன.

“நைட்டுல பல்லு வலின்னு அய்வுது சார்” என்றாள் ஸ்டெல்லா. “ஸ்கூல்லயும் முட்டை சோறு எல்லாம் அப்டியே வெச்சுடுதாம். டீச்சர் ரெண்டு தபா கூப்ட்டு அனுப்பிச்சாங்க. வூட்லயும் ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. பல் டாக்டராண்ட இட்டுனு போவணும். எங்க, லீவு போட்டாத்தானே?”

ஜெனி அதற்குள் ஜூஸைக் காலி செய்துவிட்டு பிஸ்கட்டைப் பிரித்து, கிரீமை மட்டும் அந்தப் பற்களால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இனி இவளுக்கு எப்படிப் பசிக்கும்?

மறுநாள் காலை ஸ்டோர் ரூமில் தராசை எடுத்து வைத்தேன். பிஸ்கட் கவரிலும் ஜூஸ் டப்பாவிலும் அச்சிட்டிருந்த சர்க்கரையைக் கூட்டி, அந்த அளவுக்குச் சர்க்கரையை நிறுத்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொட்டினேன். ஒரு வார ஓ.டி.க்கு உண்டானதைக் கொட்டி முடித்தபோது டம்ளர் விளிம்பைத் தொட்டுவிட்டது. மூட்டை மூட்டையாகச் சர்க்கரை இறக்கியவன்தான். ஆனாலும் அந்த ஒரு டம்ளரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற பெரியவர்களுக்கு என்று நான் போட்ட மெனுவை ஒரு ஏழு வயதுக் குழந்தை தின்றுகொண்டிருந்தது. ஒரு பஸ் நிறைய அம்மாக்கள், எல்லா நிறுத்தத்திலும் குழந்தைகள். குற்றம் யாருடையது என்று தேட எனக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

4. சுண்டலும் முட்டையும்

எச்.ஆர். அதிகாரியிடம் டம்ளரோடு போனேன். அவர் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கம்ப்ளெய்ன்ட்டே இல்லியே சார். ஜீரோ வேஸ்டேஜ்னு நீங்கதான் ரிப்போர்ட் குடுத்தீங்க.”

“நான்தான் சார் கொடுத்தேன். அதுதான் தப்பு.”

அவருக்கும் சின்னப் பிள்ளை உண்டு. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை பிஸ்கட்டும் ஜூஸும் போய், தொன்னையில் தேங்காய் போட்ட கொண்டைக்கடலைச் சுண்டல் வந்தது. சூடாக, பிரமாதமாக இருந்தது. டிபன் பாக்ஸ் எல்லாம் லாக்கரில் இருக்கும், தொன்னையை லைனுக்கு எடுத்துப் போக வழியில்லை என்பதால் எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மறுநாள் ஸ்டெல்லா கவுன்ட்டர் பக்கம் வந்து நின்றாள். “சுண்டல் நல்லாதான் கீது சார். நேத்து பஸ்ல இருந்து எறங்கத்தான் கால் வரல. பொண்ணு என் கைய பாத்துனே கூட நடந்து வந்துது. ஒண்ணும் கேக்கல.”

எனக்குச் சோறு போடத் தெரியும், இது தெரியவில்லை. பசியை மட்டும் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போகிற ஒரு தாயின் கையைப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

“நீயே சொல்லும்மா. என்ன கொடுத்தா எடுத்துப் போவே?”

அவள் யோசிக்கவே இல்லை. எப்போதோ முடிவு செய்து வைத்திருந்த மாதிரி சொன்னாள். “முட்டைய அவிச்சு ஓட்டோட குடுங்க சார். முட்டை துன்னாதவங்களுக்கு வேர்க்கடலைய அவிச்சு தோலோட குடுங்க. ஒட்டவும் வேணாம், ஒழுகவும் ஒழுகாது.”

முப்பது வருட அனுபவத்தைத் தூக்கித் தொட்டியில் போடலாம் என்று தோன்றியது.

ஆளுக்கு இரண்டு முட்டை என்று வைத்தேன். ஒன்று இங்கேயே சாப்பிட, ஒன்று வீட்டுக்கு. நாலு முறை மைக்கில் சொன்னேன். இரண்டும் பஸ் ஏறிவிட்டன. அவர்களோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் லேசில் மசியவில்லை. முதல் நாள் ஜெனி முட்டையைத் தரையில் உருட்டிவிட்டு, ஜூஸ் கேட்டு அழுதாளாம். அந்த வாரமே ஸ்டெல்லா ஓ.டி.யை விட்டுவிட்டு அவளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள், பால்பற்கள்தான். அரையாண்டுப் பரீட்சை வருவதற்குள் பள்ளிக்கூடத்தில் சோற்றை முழுசாகச் சாப்பிடுகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார்.

கேன்டீன் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தட்டு காலியாகிவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அது யார் வயிற்றுக்குப் போனது என்று பஸ் ஏறிப் போயாவது பாருங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் நான் மறுபடி அந்த பஸ்ஸில் போனேன். ஜெனி மேல்வரிசையில் புதுப்பல் இரண்டு எட்டிப் பார்க்க நின்றிருந்தாள். முட்டையை வாங்கித் தன் நெற்றியிலேயே தட்டி உடைத்தாள், பரபரவென்று உரித்தாள், இரண்டாகப் பிட்டாள். வெள்ளையை வாயில் அடைத்துக்கொண்டு மஞ்சள் கருவை அம்மாவிடம் நீட்டினாள். “இது எனக்குப் புடிக்கல. நீ துன்னும்மா.”

ஸ்டெல்லா என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். பிறகு, பன்னிரண்டு மணி நேரம் நின்ற களைப்போடு, அந்த நிறுத்தத்திலேயே நின்று அதைச் சாப்பிட்டாள்.