சம்பந்தி கேட்ட சொதி

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, திருவனந்தபுரம் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. முந்தின நாள்தான் என் அக்கா மகளுக்குத் திருமணம் முடிந்திருந்தது.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து வைக்க வேண்டும். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்குகிற குழம்புதான் சொதி. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. கல்யாணச் சாப்பாட்டை ஆறு மாதத்தில் மறந்துவிடுவார்கள். சொதி சரியில்லை என்றால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள்.

மாப்பிள்ளை வீட்டாரும் பூர்வீகத்தில் எங்கள் ஊர்ப் பக்கம்தான். ஆனால் மூன்று தலைமுறையாகத் திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்த வியாபாரம், அங்கேயே வீடு வாசல். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகி, தூரப் பயணம் கூடாது என்று சொல்லியிருந்ததால் கல்யாணத்தையே திருவனந்தபுரத்தில் வைத்துக்கொண்டோம். எனக்கு இந்தச் சம்பந்தத்தில் அவ்வளவாக விருப்பமில்லை. "பாஷை தெரியாத ஊரில் கொண்டுபோய்ப் பிள்ளையைத் தள்ளுகிறாயே" என்று நிச்சயத்துக்கு முதல் நாள் வரை அக்காவிடம் சண்டை போட்டவள் நான். எங்கள் குடும்பத்தில் என் வாய்க்கு எல்லாரும் கொஞ்சம் பயப்படுவார்கள், அக்காவைத் தவிர.

சம்பந்தியம்மா நகை, சீர், பாத்திரம் என்று எதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஊரிலிருந்து தவசுப்பிள்ளையைக் கூட்டிவந்து சொதியை முறையாக வைத்துவிட வேண்டும், இந்த ஊரில் எந்த ஓட்டலில் தேடினாலும் அது கிடைக்காது என்றார். சைவச் சமையற்காரரை நாங்கள் தவசுப்பிள்ளை என்போம். அக்கா அதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டு, வேனில் எங்களோடு அவரையும் இரண்டு உதவியாட்களையும் தேங்காய் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

அன்று காலை பத்தரைக்கெல்லாம் அவர் சொதியை இறக்கிவிட்டார். முப்பது பேருக்கு அளவாக ஒரு பெரிய பாத்திரம். மண்டபமே மணத்தது. சாயங்காலம் நாகர்கோவிலில் இன்னொரு வேலை இருந்ததால் ஆட்களோடு பஸ்ஸுக்குக் கிளம்பினார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பால் ஊத்தி எறக்கியாச்சும்மா. ஆறிப்போனாலும் ஆறட்டும், இனி அடுப்புல ஏத்திராதீங்க" என்றார். முப்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவளுக்கு இவர் பாடம் சொல்ல வந்துவிட்டார் என்று நான் முகம் சுளித்தேன்.

அக்காவும் அத்தானும் மற்றவர்களும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டாரோடு கோயிலுக்குப் போயிருந்தார்கள். பந்தியைப் பார்த்துக்கொள்ள நானும் என் கணவரும் மட்டும் மண்டபத்தில். பதினொன்றரைக்கு வர வேண்டியவர்கள், வரிசை நகரவே இல்லை, ஒரு மணி ஆகும் என்று போன் செய்தார்கள். சம்பந்தி கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் ஆறின சொதியாகவா இலையில் ஊற்றுவது? அடுப்பைப் பற்ற வைத்தேன். சின்னத் தீயில்தான் வைத்தேன். வைத்துவிட்டு இலை நறுக்கப் போனேன்.

வந்து பார்த்தபோது பால் வேறு, தண்ணீர் வேறாக நின்றது. மேலே எண்ணெய் மிதந்தது. கரண்டியை விட்டுக் கலக்கக் கலக்க, துண்டு துண்டாகத் திரண்டு வந்தது. கொதிக்கவிட்டால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருபத்து நாலு வயதுப் பெண் புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழைகிறாள். அவளுக்குப் பின்னால் "கேட்டது ஒண்ணு, அதையும் கெடுத்து வச்சாங்க" என்ற பேச்சும் நுழையப்போகிறது. அதைச் செய்தது ஊரான் இல்லை, சித்தி. என் கணவர் பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு சமயமாக இருந்தால் ஒரு வருடத்துக்குக் கேலி பேசியிருப்பார். அன்று பாத்திரத்தைத் தட்டுப் போட்டு மூடி, சாமான் அறைக்குள் தள்ளிவிட்டு, அதன் வாசலில் நாற்காலியைப் போட்டுப் பேப்பரை விரித்து உட்கார்ந்துகொண்டார். "ஓட்டல்ல எங்கயாவது கிடைக்குதான்னு பாரு. யாரு வந்தாலும் நான் உள்ள விடமாட்டேன்" என்றார்.

போனில் தேடினேன். சொதி கிடைக்கிற மிக அருகிலுள்ள கடை பாளையங்கோட்டையில் இருப்பதாக அது காட்டியது. கோட்டைக்கு எதிரே இருந்த பெரிய சைவ ஓட்டலில் நுழைந்தேன். கல்லாவில் இருந்தவர் ரொம்ப மரியாதையாக, அது வடக்கத்திச் சாப்பாடா என்று கேட்டார். அடுத்த கடையில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சாம்பார் தருகிறோம் என்றார்கள். மூன்றாவது கடையில் நான் சொன்னது புரியவே இல்லை. வெயில் வேறு. பட்டுச்சேலையோடு சாலைக் கடைவீதிக்குள் அரிசி மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஓடினேன்.

அங்கே ஒரு ஓட்டலில் தமிழில் பலகை தொங்கியது. முதலாளியும் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் பேசினார். தெய்வத்தைக் கண்டது போல இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"சொதி கல்யாண வீட்டுல வைக்கது அக்கா. ஓட்டல்ல வந்து யாரு கேப்பா? எங்க அப்பா காலத்துலேந்து கடை நடத்துதோம், நீங்கதான் மொத ஆளு."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். இரண்டு கடை தள்ளி ஒரு சந்தில் ஒரு அம்மா ஆப்பமும், இஷ்டு என்கிற உருளைக்கிழங்குக் குழம்பும் போடுகிறார், அதுவும் தேங்காய்ப்பால்தான், கேட்டுப் பாருங்கள் என்று கையைக் காட்டினார்.

சின்னக் கடை. நாலு மேசை. காலை வியாபாரம் முடிந்து தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். என் வயதுதான் இருக்கும், அந்தம்மா ஒரு பெரிய பேசின் நிறையத் தேங்காய் துருவி வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் பேச ஆரம்பித்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. பிறத்தியார் முன்னால் நான் அழுதது என் அம்மா இறந்த அன்றைக்கு அப்புறம் அன்றுதான்.

அவர் சொதி என்ற சொல்லையே கேட்டதில்லை. அதில் என்னென்ன போடுவீர்கள் என்று மலையாளமும் தமிழும் கலந்து கேட்டார். பட்டை கிராம்பு கிடையாது, பருப்பு உண்டு, எலுமிச்சம்பழம் உண்டு என்றேன். கையிலிருந்த உருளைக்கிழங்கைக் கீழே வைத்தார். இஷ்டுவைச் சொதியாக்க முடியாது, முதலிலிருந்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் வாங்கிவர என்னைத் துரத்தினார். நான் வாங்கிக்கொண்டு வருவதற்குள் அந்தத் தேங்காய் முழுவதையும் மூன்று பாலாகப் பிழிந்து வைத்திருந்தார். கை தானாக அடுப்புப் பக்கம் நீண்டது. அவர் ஒரு ஸ்டூலைக் காட்டினார்.

"சேச்சி அங்ஙன இரிங்க. அடுப்பின் அடுத்து வரண்டா."

அடுப்புப் பக்கம் போகாதே என்று எனக்கு ஒரே நாளில் இரண்டாவது தடவை. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைக்கிற வாசனை வந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தத் தேங்காய் அவருடைய சாயங்கால வியாபாரம். உங்கள் கடைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு நாள் இஷ்டு இல்லேங்கில் ஆரும் செத்துப் போக மாட்டாங்க. அங்ஙன ஒரு பெண்குட்டி தலை குனிய வேண்டாமல்லோ."

கெட்டிப்பாலை ஊற்றி, நுரை கட்டினதும் சட்டென்று இறக்கினார். தாளிக்க நெய் போதவில்லை என்று தேங்காய் எண்ணெயில் தாளித்தார். எங்கள் சொதியில் அந்த வாசனை இருக்காது. ஆனால் சொல்லும் நிலையில் நான் இல்லை. இரண்டு பெரிய தூக்குவாளியில் ஊற்றி, ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார். சாமானுக்கு ஆனதை மட்டும் வாங்கிக்கொண்டார். ஆட்டோ திரும்பும்போது பார்த்தேன், கடை வாசலில் இருந்த கரும்பலகையில் ஒரு வரியை ஈரத்துணியால் அழித்துக்கொண்டிருந்தார்.

நான் மண்டபத்துக்குள் நுழைந்து பத்து நிமிஷத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள். பந்தி போட்டோம். சம்பந்தியம்மா இலையில் நானே சொதியை ஊற்றினேன். ஒரு வாய் சாப்பிட்டார். கை அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவர் குனிந்து இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இன்னொரு கரண்டி ஊற்றுங்கள் என்றார். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு மலர்ச்சி.

கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தேங்காண்ணெ மணக்கே மதினி. தவசுப்பிள்ளை நெய்யிலல்லா தாளிப்பாரு?"

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் தண்ணீர்க் குழாயை மூடினார்.

"எங்க வீட்டுல நான் வைக்கதும் இப்படித்தான் இருக்கும். இந்த ஊர் எண்ணெ, இந்த ஊர் கைப்பக்குவம். நம்ம ஊர்க் கைப்பக்குவத்துல ஒரு தடவ சாப்பிடணும்னுதான் கேட்டேன். அது பரவால்ல, ஊருக்கு வரும்போது சாப்பிட்டுக்கிடுதேன். அக்காட்ட சொல்லாண்டாம், பிள்ளைட்டயும் சொல்லாண்டாம், என்னா?"

ஆசைப்பட்டுக் கேட்டது அவர் ஒருத்தர்தான். அது கிடைக்காமல் போனதும் அவருக்குத்தான். தன் வீட்டில் தினமும் வைக்கிற பக்குவத்தையே இலையில் பார்த்துவிட்டு, எங்களுக்காக இரண்டாம் கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஈரக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த தைப்பொங்கலுக்குச் சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அதே தவசுப்பிள்ளையை வரவழைத்துச் சொதி வைக்கச் சொன்னேன். அவர் சமையலை முடித்துப் பரிமாறுகிற வரை நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை. சம்பந்தியம்மா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். அக்காவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை, இதென்ன பொங்கலுக்குச் சொதி என்று கேட்டாள். மாதாமாதம் தவறாமல் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவள் அவள். படித்துவிட்டுப் போன் செய்து திட்டட்டும். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருக்கிறேன்.

திருவனந்தபுரம் போகும்போதெல்லாம் அந்தச் சந்துக் கடைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அங்கே சொதி உண்டு. சாலைத் தெருத் தமிழ் வியாபாரிகள் தூக்குவாளியோடு வந்து நிற்கிறார்கள். பலகையில் மட்டும் "திருநெல்வேலி இஷ்டு" என்றுதான் எழுதியிருக்கிறது. சொல்லிப் பார்த்தேன், அவர் மாற்றுவதாக இல்லை. போன தடவை என் அக்கா மகளும் கூட வந்தாள். அவளும் அந்தம்மாவும் மலையாளத்தில் என்னவோ பேசி, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பாஷை தெரியாத ஊரில் பிள்ளையைத் தள்ளுகிறாயே என்று அக்காவிடம் சண்டை போட்டேன் அல்லவா? யாரோ ஒரு பெண் தலை குனியக் கூடாது என்று தன் கடைப் பலகையை அழித்தவரும், தன் ஆசையை விழுங்கிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டவரும் இருக்கிற ஊரில்தான் எங்கள் பிள்ளை வாழ்கிறாள் என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.