பள்ளத்தில் படுத்த புகை

மார்லிஸ் டோர்வால்ட்சன் அதிர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. அயோவா மாநிலத்தில் எங்கள் கவுண்டியில் யார் அவசர எண்ணை அழைத்தாலும் பகலில் எடுப்பது அவளோ நானோதான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை போன பிறகு இங்கே வந்து சேர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பாள், அதுவும் மெதுவாகத்தான். "உனக்கு ரத்தம் ஓடுதா இல்லையாடி?" என்று சீண்டினால், "ஓடுது லோரேன், சத்தம் போடாம ஓடுது" என்பாள். எனக்கு வாய் நீளம். அவள் இல்லாவிட்டால் அந்த வேலையை என்றைக்கோ தூக்கி எறிந்திருப்பேன்.

விஷப்பொருள் ஏதாவது கொட்டினால் ரசாயன நிபுணர்கள் உட்கார்ந்திருக்கும் ஹாட்லைனைக் கூப்பிடுவோம். அவர்கள் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் தீயணைப்பு ஆட்களிடம் ஒப்பிப்பாள் மார்லிஸ். நான் நடுவில் என் சரக்கைச் சேர்த்தால் பிடிக்காது. "நாம என்ன கெமிஸ்ட்டா? நம்ம அபிப்பிராயத்தை யார் கேட்டா?"

அது மக்காச்சோளம் விதைக்கும் பருவம். உரத்துக்காக மண்ணில் அம்மோனியா ஏற்றுவார்கள். அந்த நெடியிலேயே வளர்ந்த ஜனங்கள் நாங்கள். கர்டிஸ் வின்யே விவசாயக் கூட்டுறவுக்காரன். பிக்கப் வண்டியின் பின்னால் அம்மோனியா டேங்கை இழுத்துக்கொண்டு போனவன், ஓடைப் பக்கத்துப் பள்ளத்தில் கவிழ்ந்தான். டேங்கின் வால்வு உடைந்துவிட்டது. ஸ்டியரிங்குக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டது. கையில் போன் இருந்தது. அவன் அழைப்பை எடுத்தது மார்லிஸ்.

தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவர் அவள் புருஷன் ஓரின். ஆட்கள் எல்லாரும் விவசாயிகள். மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஓரின் ரேடியோவில் பேசினார். "கீழ வெள்ளையா கிடக்கு. மூச்சு சிலிண்டர் இருக்கு, கோட்டு இருக்கு. அம்மோனியாதானே, வருஷா வருஷம் மோந்து பாக்கற சனியன். காத்தவிட லேசு, மேல ஏறிடும். நானும் டெல்மரும் இறங்கறோம்."

"இரு ஓரின். ஹாட்லைன் இன்னொரு லைன்ல இருக்கு" என்றாள் மார்லிஸ்.

ஹாட்லைன்காரர் ஸ்பீக்கரில் இருந்தார். எவ்வளவு பெரிய டேங்க், காற்று எந்தப் பக்கம், உள்ளே ஆள் உண்டா என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது திரவமா வெளிய வருதும்மா, கடும் குளிர்ச்சி. மேல ஏறாது, பள்ளத்துலயே படுத்துக்கும். தீயணைப்புக் கோட்டு தாங்காது. வேர்வை இருக்கற இடமெல்லாம் தோல் வெந்துடும். முழுசா மூடின ரசாயன உடை இல்லாம உள்ள போறவங்க திரும்பி வருவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

அந்த உடை போட்ட ஆட்கள் நகரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். வர நேரமாகும்.

மார்லிஸின் ஹெட்போனில் கர்டிஸ் இருமுவது எனக்கே கேட்டது. வண்டிக் கண்ணாடியை ஏற்று, சட்டையைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் வை என்று ஹாட்லைன்காரர் சொன்னதை அவனிடம் சொன்னாள். பிறகு ரேடியோவை அழுத்தி, மீதியை ஓரினிடம் ஒப்பித்தாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் விழுங்கிவிட்டால் கர்டிஸுக்கு ஒரு வழி கிடைக்குமே என்று எனக்குத் தோன்றியது. புருஷனையும் சேர்த்துப் புதைக்க வேண்டியிருக்கும் என்றும் தோன்றியது. அவள் எதையும் விழுங்கவில்லை.

"ஏம்மா, கர்டிஸ்ம்மா அது" என்றார் ஓரின்.

"தெரியும்."

"நான் என்ன பண்ணட்டும்?"

"அவங்க சொன்னதைச் சொல்லிட்டேன். முடிவு உன்னுது."

ரேடியோவில் ஓரின், "நிக்கறோம்" என்றார்.

அதற்குள் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து போன் மேல் போன். நான் அவர்களோடு கத்திக்கொண்டிருந்தேன். மார்லிஸ் தலையைக் குனிந்து கர்டிஸிடம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தாள். உடை போட்டவர்கள் வந்து இறங்கியபோது அவளுடைய லைனில் யாரும் இல்லை. நெடுஞ்சாலையில் மாடு திரியுது என்று அடுத்த அழைப்பு வந்தது. எந்த மைல்கல் பக்கம் என்று கேட்டாள்.

அவள் அழவில்லை. ஓரினும் அழவில்லை. இரண்டு பேரும் மரத்துப்போய்க் கிடந்தார்கள். எனக்குத்தான் கோபம், யார் மேல் என்று தெரியாமல்.

கர்டிஸின் அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் கொடுத்தார்கள். அவன் மனைவி ஜோலின் நேராக எங்கள் மேஜைக்கு வந்தாள். மார்லிஸை அறைந்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"கடைசியா உங்ககிட்டதான் பேசினாராமே."

"ஆமா."

"பயந்தாரா?"

"முதல்ல பயந்தார். அப்புறம் இல்ல."

"அப்புறம் ஏன் இல்ல?"

மார்லிஸ் தட்டைக் கீழே வைத்தாள். "ஓரின் இறங்கி வந்துட்டிருக்கார்னு சொன்னேன்."

ஜோலின் தலையை ஆட்டினாள். ஓரின் எங்கள் மேஜைக்குக் காபி ஊற்ற வந்துகொண்டிருந்தார்.