பந்துக்குப் பந்து அணைக்கிறவள்

அந்த வீட்டில் யார் எந்த அறையைவிட்டு வெளியே வந்தாலும் பின்னாலேயே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அண்ணி ஃபேனை அணைத்துவிட்டாள் என்று அர்த்தம். குளியலறை விளக்கை அணைத்துவிட்டு, உள்ளேயிருந்து கணவர் அலறியதும், "இருக்கீங்களா? சொல்ல வேண்டாமா?" என்று கேட்ட புண்ணியவதி. மின்சாரத்தைக் கண்டுபிடித்தவரே விருந்துக்கு வந்தாலும் ஒரே ஒரு விளக்கு வெளிச்சத்தில்தான் உட்கார வைத்திருப்பாள்.

ஒரு காலத்தில் பம்பு கம்பெனியில் டிசைன் என்ஜினீயர். பிள்ளை பிறந்ததும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் வேலையை விட்டாள். அந்தக் கொஞ்ச நாள் எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததில் பிள்ளைக்கு மீசை முளைத்துவிட்டது.

நாத்தனாரின் ஆபீஸில் ரோபோ போட்டி. ரோபோ பந்தைப் பொறுக்கி, உயரமான தொட்டிக்குள் எறிய வேண்டும். எறிகிற பாகத்தை யார் செய்வது என்று கேப்டனான நாத்தனார் சாப்பாட்டு மேஜையில் புலம்ப, "நான் பண்ணட்டுமா?" என்று அண்ணி கேட்டாள். கேட்டபோது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பண்ணினாள். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். நடுவே பந்தைத் தள்ளினால் கவ்வி வீச வேண்டும். முதல் பந்து பாய்ந்துபோய்த் தொட்டியில் விழுந்தது. இரண்டாவது பந்து காலடியில் சொத்தென்று விழுந்தது. கனம் போதவில்லை என்று சக்கரத்தோடு இரும்பு வளையம் சேர்த்தாள். சக்கரம் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல எழுந்திருக்கவே நேரம் எடுத்துக்கொண்டது.

"அண்ணி, டீம்ல என்னைப் பிச்சுத் திங்கறாங்க. கடையில ரெடிமேடா ஒண்ணு எடுத்து வெக்கச் சொல்லியிருக்கேன். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்களுது வரிசையா அஞ்சு பந்தைப் போட்டா உங்களுதுதான். இல்லைன்னா..."

"இல்லைன்னா இதையெல்லாம் எடுத்துட்டு மேஜையைத் துடைச்சு வெச்சுடறேன், விடு" என்றாள் அண்ணி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

விர்ர்... பந்து போனது. அமைதி. மறுபடி விர்ர்...

"நடுவுல ஏன் நிக்குது?"

"பந்துதான் போயிடுச்சே, அப்புறம் எதுக்கு வெட்டியா சுத்தணும்? நான்தான் பந்துக்குப் பந்து சுவிட்சை அணைக்கறேன். பேட்டரி என்ன உங்க அப்பா வீட்டு சொத்தா?"

"இந்த வீடே எங்க அப்பா வீடுதான் அண்ணி! சக்கரம் முழு வேகத்துக்கு வர்றதுக்குள்ள அடுத்த பந்தைத் தள்ளினா அது என்ன பண்ணும், பாவம்?"

 வேகத்தைச் சேர்த்துவைக்கத்தான் சக்கரம் என்று அண்ணி பரீட்சையிலேயே எழுதியிருக்கிறாள். ஆனால் கைக்கு என்று ஒரு படிப்பு இருக்கிறதே!

அணைக்காமல் ஓடவிட்டார்கள். அண்ணியின் கை சுவிட்சுப் பக்கம் போகப்போக, நாத்தனார் அதைப் பிடித்து வைத்துக்கொண்டாள். மூன்று பந்து விழுந்தது. நான்காவது பாதி வழியில் படுத்தது, பேட்டரி சோர்ந்துவிட்டது.

"பாத்தியா? பாத்தியா?" என்றாள் அண்ணி. ஜெயித்த குரல், ஆனால் கண் கலங்கியிருந்தது.

பேட்டரியை சார்ஜில் போட்டார்கள். அது ஏறி முடிவதற்குள் அண்ணி தலையைத் தூக்கினாள். "அணைக்கவும் வேணாம், முழுசா ஓடவும் வேணாம். பந்து போனதும் ஃபேனை அஞ்சுலேருந்து மூணுக்குக் குறைக்கற மாதிரி குறைச்சுக்கலாம். அடுத்த பந்துக்குக் கொஞ்சம் ஏத்தினா போதும். கனச் சக்கரம், வேகத்தைச் சட்டுனு விடாது."

ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது பந்து தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. ஐந்தாவதுக்கு யோசனையே இல்லை.

நாத்தனார் கடைக்குப் போன் போட்டாள். "அது வேணாங்க." கடைக்காரர் ஏன் என்று கேட்டிருப்பார் போல. "எங்க டீம்ல டிசைன் என்ஜினீயர் இருக்காங்க" என்றாள்.

அண்ணி சட்டென்று குனிந்து மேஜைக்கடியில் பந்து தேட ஆரம்பித்தாள். ஐந்தும் தொட்டியில்தான் இருந்தன.