புளியமரத்தில் இல்லாத காக்கை

போன திங்கட்கிழமை காலையில், எழுபது வயதைத் தாண்டிய மனிதன் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தேன். எங்கள் வீட்டு வாசலில் நின்று, இல்லாத ஒரு காக்கையைக் காட்டினேன்.

மகள் கீதா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இங்கே ஆரணியிலேயே ஒரு பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். பேத்தி யாழினி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டர் வரைக்கும் வந்துவிட்டாள். முகத்தில் அழுகை திரண்டிருந்தது. எனக்குக் கை தானாக எழுந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடியைக் காட்டி, "அங்க பாரு கண்ணு, எம்மாம் பெரிய காக்கா!" என்றேன். குழந்தை திரும்பியது. இடது கையால் முதுகுக்குப் பின்னால் மகளுக்கு, "ஓடு, ஓடு" என்று சைகை காட்டினேன்.

கீதா ஓடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"அந்தக் காக்கா இன்னும் சாவலியாப்பா?"

உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த என் மனைவி சரோஜா சிரித்த சிரிப்பில் தட்டு கீழே விழுந்தது. கீதா யாழினியின் உயரத்துக்குக் குனிந்து, "அம்மா ஸ்கூலுக்குப் போறேன். சாயங்காலம் நீ பால் குடிக்கிறப்போ வந்துடுவேன். அழுவணும்னா அழு, ஒண்ணும் தப்பில்ல" என்றாள். யாழினி அந்த அனுமதியை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியதும் மூக்கை என் வேட்டியில் துடைத்துவிட்டு, அமைதியாகக் கேட்டாள்: "தாத்தா, காக்கா எங்க?"

"பறந்து போச்சு" என்றேன். வாய் பழகிப்போயிருந்தது.

அடுப்படியிலிருந்து வடித்த கஞ்சியின் வாசனை வந்தது. அந்த வாசனைக்கும் என் காக்கைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

கல்யாணமான புதிதில் நாங்கள் பட்டு நெசவுக்காரர்கள் தெருவில் குடியேறினோம். நான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியன். தெருவில் என் பெயர் யாருக்கும் தெரியாது. வாத்தியார் சார் என்றால்தான் தெரியும். அந்தத் தெருவில் விடிந்ததும் கஞ்சி வாசனைதான். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பட்டுப் பாவு நீட்டிக் கட்டுவார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன், நீளவாக்கில் ஓடும் அத்தனை இழைகளுக்கும் கஞ்சி தடவி, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் சைக்கிளும் மாடும் ஆசிரியரும் சுவரோரமாக ஒண்டித்தான் போகவேண்டும். இப்போதும் அப்படித்தான். போன மாதம்கூட அந்த வழியாகப் போன என்னை நிறுத்தி, "பெரியவரே, ஓரமா போங்க" என்றார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

கீதாவுக்கு மூன்று வயதான சமயம். நான் பள்ளிக்குக் கிளம்பினால் அழுவாள். அந்த அழுகை என்னால் தாங்க முடியாதது. அதனால் ஊரில் எல்லாரும் செய்ததையே நானும் செய்தேன்: எதையாவது காட்டிவிட்டு நழுவிவிடுவது. முதலில் ஆகாய விமானத்தைக் காட்டிப் பார்த்தேன். பிறகு ரயிலைக் காட்டினேன். எங்கள் ஊருக்குள் ரயில் வராது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் காக்கை நிலைத்தது. காக்கையில் ஒரு வசதி உண்டு. இல்லாவிட்டாலும் இப்போதுதான் பறந்து போனது என்று சொல்லிவிடலாம். நீங்களும் காட்டியிருப்பீர்கள். மறைக்காதீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பி.எட். படித்தபோது குழந்தை உளவியல் தாளில் எனக்கு நல்ல மதிப்பெண். பிரிவைச் சின்னக் குழந்தை எப்படித் தாங்கிக்கொள்ளப் பழகுகிறது என்று ஒரு கேள்வி வந்திருந்தது. சொல்லிவிட்டுப் பிரியவேண்டும், சொன்னபடி திரும்பி வரவேண்டும், அப்போதுதான் அதன் மனசில் நம்பிக்கை ஊன்றும் என்று பக்கம் பக்கமாக எழுதி, முக்கியமான வரிகளை அடிக்கோடும் இட்டிருந்தேன். அந்த அடிக்கோடு போட்ட கையால்தான் காக்கையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கீதா சும்மா இருக்கவில்லை. அப்பா எந்த நிமிஷம் மாயமாவார் என்று தெரியாததால் அவளே ஒரு காவல் ஏற்பாடு செய்துகொண்டாள். என் செருப்பில் ஒன்றை ஒளித்துவைப்பாள். ஒன்று போதும் என்று எப்படிக் கண்டுபிடித்தாளோ! அரிசி அளக்கப் போன சரோஜா, டிரம்முக்குள்ளிருந்து செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, "இந்தாங்க, இன்னிக்கு உங்களுக்கு இதான் கொழம்பு" என்று நீட்டியிருக்கிறாள். ஒருநாள் தேடிக் கிடைக்காமல் வலது காலில் என் செருப்பும் இடது காலில் சரோஜாவின் செருப்புமாகப் பள்ளிக்குப் போனேன். எட்டாம் வகுப்புப் பையன்கள் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துப் பாடமே கேட்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பாவு அறுந்தது.

எதிர்வீட்டு முனிரத்தினம் அன்று கல்யாணப் புடவைக்கான அரக்கு நிறப் பாவு நீட்டியிருந்தார். நான் வழக்கம்போலக் கூரையில் காக்கையைக் காட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். அன்றைக்கு அவள் சீக்கிரம் திரும்பிவிட்டாள். "ப்பா!" என்று ஒரு சத்தம். சுவரோரமாகச் சுற்றி வர அவளுக்கு நேரமில்லை. குறுக்கு வழியில் பாவுக்கு அடியில் புகுந்தவள், பாதியில் நிமிர்ந்துவிட்டாள். ஈர இழைகள் பட்பட்டென்று அறுந்தன. நான் திரும்பிப் பார்த்தபோது, நெற்றியிலும் தலையிலும் கஞ்சியோடு அரக்குப் பட்டு ஒட்டிக்கொண்டிருக்க, கல்யாணப் பெண் போல நின்றாள்.

"அய்யய்யோ, பாவு போச்சே! எவன் வூட்டுக் கொயந்த இது?" என்று முனிரத்தினம் ஓடிவந்தார்.

"வாத்தியார் வூட்டுது" என்றது தெரு. அவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், சைக்கிள்லருந்து எறங்குங்க. பள்ளிக்கூடத்துல ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறீங்களே, வூட்டுல ஒரு புள்ளகிட்ட 'போய்ட்டு வரேன்'னு சொல்ல வாய் வரலியா உங்களுக்கு?"

நான் ஏதோ முணுமுணுத்தேன்.

"அதெல்லாம் வாணாம். நாளைலருந்து கொயந்தகிட்ட சொல்லிட்டுக் கெளம்புங்க. அது அழுது முடிக்கிற வரிக்கும் நான் பாவு நீட்ட மாட்டேன். உங்க வூட்டு பேஜாரு எனக்கு வாணாம் சார்."

முனிரத்தினத்துக்குக் குழந்தை வளர்ப்பில் பெரிய அக்கறை இருந்ததாக நான் கதை விடமாட்டேன். அவர் பிள்ளைகள் பூச்சாண்டிக்குப் பயந்து சோறு தின்றவர்கள்தான். அவர் கவலையெல்லாம் பாவைப் பற்றி.

ஆனாலும் மறுநாள் காலையில் தெருவில் ஒரு சடங்கு தொடங்கியது. சுருட்டிய பாவோடு நெசவுக்காரர்கள் காத்து நிற்க, நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னிலையிலும், "அப்பா பள்ளிக்கூடம் போறேன். சாயங்காலம் வந்துடுவேன்" என்று அறிவிக்கவேண்டும். கீதா அழுவாள். தெரு பொறுமையாகக் கேட்கும். முனிரத்தினம் வானத்தைப் பார்த்துவிட்டு, "ஜல்தி அழு கண்ணு, வெயில் ஏறிகினு இருக்குது" என்பார். அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்ததற்காக இன்னும் கொஞ்சம் அழுவாள்.

அழுகை நாளுக்கு நாள் குறுகியது. மாலையில் நான் வந்ததும் ஓடிப்போய் முனிரத்தினத்திடம், "எங்கப்பா வந்துட்டாரு" என்று சேதி சொல்லிவிட்டு வருவாள். ஒருநாள் காலையில் நான் சொல்லி முடித்ததும் வாசற்படியில் உட்கார்ந்து, கையை ஆட்டிவிட்டு, "நான் அழுவல. நீ பாவு போடு" என்று அவருக்கு உத்தரவு கொடுத்தாள். அன்றைக்குத் தெரு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. என் செருப்புகளும் அதற்குப் பிறகு காணாமல் போகவில்லை.

இந்தக் கதையை இதுவரைக்கும்தான் நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். கல்யாணப் பந்தியிலும், ஆசிரியர்கள் அறையிலும், கீதாவின் மாமனார் வீட்டிலும் இதைச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். மீதியைச் சரோஜாவிடம்கூடச் சொன்னதில்லை.

சரோஜா இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேரவேண்டி வந்தது. படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீதாவை வெம்பாக்கத்தில், சரோஜாவின் அக்கா வீட்டில் விட்டுவர நான் அழைத்துப் போனேன். வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தாள். அங்கே கன்றுக்குட்டி இருந்தது, விளையாடினாள். நான் திரும்பும்போது பஸ் நிறுத்தத்துக்கு அவளும் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நானும் அவளோடு அங்கேயே தங்கப்போகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்தது.

என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். தினமும் ஒரு தெருவின் முன் சொல்லிப் பழகியவன். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, அப்பா போய்ப் பாத்துட்டு வந்து உன்ன கூட்டிகினு போறேன்" என்றால் போதும். அழுதிருப்பாள். பெரியம்மா தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். என்னால்தான் அந்த அழுகையை அன்றைக்குக் கேட்க முடியவில்லை. எனக்கே அழுகை வந்துவிடும்போல இருந்தது.

"கீதா, அங்க பாரு. புளியமரத்துல காக்கா" என்றேன்.

உடனே திரும்பினாள். கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. இத்தனை நாள் உண்மையே சொல்லி வந்த அப்பாவல்லவா!

நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரியவர்கள் செய்வதுபோல நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, மரத்தில் கிளை கிளையாகத் தேடிக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்தது. அவள் இன்னும் திரும்பவில்லை. வளைவு வரைக்கும் அந்தப் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

மகன் பிறந்து, சரோஜா எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் கீதாவை அழைத்துவரப் போனேன். ஓடிவரவில்லை. பெரியம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்றாள். "உங்கப்பாடி, போ" என்று பெரியம்மா தள்ளிவிட்டதும் மெதுவாக வந்தாள். வாசலில் நான் கழற்றி விட்ட செருப்புகளை, இந்த முறை இரண்டையும், எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வெகுநாள், யார் எதைக் காட்டினாலும் அவள் மேலே பார்க்கமாட்டாள். நிலாவைக் காட்டிச் சோறூட்டினால் முதலில் திரும்பி நான் இருக்கிறேனா என்று பார்ப்பாள். என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நிலாவைப் பார்ப்பாள். "இன்னாங்க இவ, நெலாவ நம்ப மாட்றா?" என்று சரோஜா சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

திங்கட்கிழமை மாலை கீதா வந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஜோக்காகச் சொல்லவில்லை. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"புளியமரமா? பஸ் நிக்கிற எடத்துலயா?"

"ஆமா."

"அப்பா, எனக்குச் சின்ன வயசுல அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்குது. ஒரு பெரிய புளியமரம். கண்ணுல வெயிலு. நான் எதையோ தேடிகினே இருக்கேன். இன்னா தேடுறன்னுதான் தெரியல. கனவுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அதுல நெஜமா காக்கா இருந்துச்சாப்பா?"

"இல்லம்மா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வர, தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அதான்! அதான் கெடைக்கவே இல்ல! நான் நல்லாத்தாம்ப்பா தேடுனேன்!"

"நல்லாத்தான் தேடுன. நான் பாத்தேன்" என்றேன். "தப்பு பண்ணிட்டேம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி விடு. ஆறிப்போச்சு, குடிக்கிறியா?" என்று தன் காபியை என் பக்கம் தள்ளினாள்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்தப் புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். நிழலுக்கு ஒரு தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். முனிரத்தினம் போய்ச் சேர்ந்துவிட்டார். வெம்பாக்கத்துப் பெரியம்மாவும் இல்லை.

மறுநாள் காலை யாழினி எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டு, "தாத்தா, காக்கா வந்துச்சா?" என்று கேட்டாள்.

"நேத்து காக்காவே இல்ல கண்ணு. தாத்தா பொய் சொல்லிட்டேன்."

யோசித்தாள். "சரி" என்றாள்.

"தாத்தா பால் வாங்கப் போறேன். வந்துடுவேன்."

"போய்ட்டு வா" என்றாள், தலையைத் தூக்காமல். பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். வாசல் காலியாக இருந்தது. யாரும் பின்னால் ஓடிவரவில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும், எனக்குத் தெரியும். பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன்.

ஆனால் இப்போதெல்லாம் எங்கே கிளம்பினாலும் என் செருப்புகள் இரண்டும் விட்ட இடத்திலேயே கிடக்கின்றன.