நாற்பது வளைவும் ஒரு ரசமட்டமும்

காலை 6.40, உக்கடம் பேருந்து நிலையம். நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவனை உறவினர்கள் இரண்டுக்குத்தான் கூப்பிடுவார்கள்: வேலித் தகராறு, சாட்சி. இந்த முறை சாட்சி.

என் தங்கை கணவர் பழனிச்சாமிக்குச் சோமனூரில் விசைத்தறி. கைபேசியில் வீடியோ பார்த்து, பூமி தட்டை என்று முடிவு கட்டிவிட்டார். மகள் கவிதா வால்பாறையில் அறிவியல் ஆசிரியை. தீபாவளிக்கு வந்தவளிடம், மருமகன் எதிரிலேயே, "புள்ளைகளுக்குப் பொய் சொல்லிக்குடுத்துச் சம்பளம் வாங்கறே" என்றார். அன்றே கிளம்பிப் போனவள், அதன்பின் பேசவில்லை. இப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரமாட்டாளாம். அழைக்கப் போகிறோம். மகள் எதிரில் பூமியைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று தங்கை அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்; அதற்குத்தான் நான் சாட்சி.

8.10, பொள்ளாச்சி, நாற்பது கிலோமீட்டர். இட்லி ஆறிப்போயிருந்தது. வால்பாறைக்கு இன்னும் அறுபத்து நான்கு.

ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். பழனிச்சாமி பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தார். தறிக்கு மட்டம் பார்க்கிற கருவி. குமிழி அங்குமிங்கும் ஓடியது.

"ஓடற பஸ்ஸுல எதுக்குங்க மாப்பிள்ளை?"

"உங்க துறையாட்டம் இது பொய் சொல்லாதுங்க மச்சான். உலகம் தட்டைதானுங்க."

நடத்துநர் திரும்பினார். "ஏனுங்க, தட்டைன்னா எங்களுக்கு எதுக்குங்க நாப்பது வளைவு? நேரா ரோடு போட்டிருக்கலாமுல்லங்க?"

"அது மலைங்க" என்றார் பழனிச்சாமி, முகம் மாறாமல். எனக்கு இடுப்பு வலித்தது.

11.30, வால்பாறை. தேநீர் பதினைந்து ரூபாய். சரிவில் அரை கிலோமீட்டர் நடை. "வாங்க மாமா" என்றாள் கவிதா. அப்பாவுக்கு வெறும் "வாங்க."

மேசையில் மகப்பேறு விடுப்பு விண்ணப்பம் கிடந்தது. பழக்கதோஷம், படித்தேன். எல்லாம் சரி, விடுப்புக்கால முகவரி மட்டும் காலி.

சாப்பிடும்வரை சத்தியம் தாங்கியது. பிறகு பழனிச்சாமி அலமாரியிலிருந்த உலக உருண்டையைப் பார்த்து, "இதுல தண்ணி எப்படிக் கண்ணு நிக்கும்?" என்றார்.

கவிதா என்னிடம் திரும்பினாள். "மாமா, அளந்தவர் நீங்க. சொல்லுங்க."

"உருண்டைதான். ஆனா ஒரு கிராமத்தை அளக்கறப்ப தட்டைன்னு வெச்சுத்தான் அளப்போம். சின்ன தூரத்துக்கு வளைவு கணக்குல வராது. அதுதான் நடைமுறை."

பழனிச்சாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உருண்டைன்னு தெரிஞ்சே தட்டைன்னு எழுதி, அதுக்குப் பென்சன் வேறயா?"

கவிதா சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்க முதுகைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பழனிச்சாமி ரசமட்டத்தைக் கட்டில் சட்டத்தில் வைத்தார். குமிழி ஒரு பக்கம் ஒதுங்கியது.

"தலைமாடு தாழ்ந்து கிடக்குது அம்மணி. இதுலயா படுக்கறே?"

ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து மடித்துக் கட்டில் காலுக்கு அடியில் கொடுத்தார். குமிழி நடுவுக்கு வர அரை மணி நேரம் ஆனது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நம்மூட்டுக் கட்டிலு மட்டமா இருக்குதுங்களா அப்பா?"

"போன வாரமே பாத்துப்போட்டேன் கண்ணு."

மாலை 4.15 பேருந்துக்குக் கிளம்பும்போது, விண்ணப்பத்தைச் சரிபார்க்கச் சொல்லி நீட்டினாள். காலி இடத்தில் சோமனூர் முகவரி இருந்தது. பின்கோடு விட்டுப்போயிருந்தது. எழுதிக் கொடுத்தேன்.

ஒன்பதாவது வளைவில் சமவெளி விரிந்தது. "பாருங்க மச்சான், தட்டைதானுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன்.