தெளிந்த சவுக்காரம்

ஜப்பானியர் மலாயாவைப் பிடித்துக் கடைகளில் கட்டிச் சவுக்காரம் மறைந்த பிறகுதான் காஜா பெராங் ஊர்ச் சாரதாம்பாள் சவுக்காரம் காய்ச்சக் கற்றாள். தேங்காயெண்ணெயும் சாம்பல் நீரும் கலந்து காய்ச்சினால் கூழ்போல வரும். அக்கம்பக்கத்தார் சிரட்டையில் வாங்கிப் போவார்கள். அந்தப் பெயரே வினையாயிற்று. ஜப்பானியரின் லாரிப் பட்டறைக்குக் காய்ச்ச வேண்டுமென்று உத்தரவு வந்தது. கணவன் பொன்னுதுரையை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். சரக்கு பிடிக்காவிட்டால், போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு அவனை அனுப்பிவிடுவார்கள்.

பட்டறை அதிகாரிக்குக் கூழ் ஆகாது. புட்டிக்குள் கண்ணாடிபோலத் தெரிய வேண்டும். மரவள்ளிச் சாராயம் கலந்தால் கூழ் இளகித் தெளிவதைச் சாரதாம்பாள் கண்டாள். மங்கல் போகும்வரை ஊற்றினாள்.

"சவுக்காரத்தையே குடிகாரனாக்கிட்டியே" என்றான் பொன்னுதுரை.

"உங்களுக்காகத்தாங்க" என்றாள்.

சோதனையன்று, கிரீஸ் அப்பிய துணியில் அதிகாரி புட்டியை நேராகக் கவிழ்த்துத் தேய்த்தான். நுரையே இல்லை. கிரீஸ் அப்படியே இருந்தது. அவன் ஏதோ சொல்ல, மொழிபெயர்க்கும் கருணாகரன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, இது கழுவவா குடிக்கவான்னு கேக்குறாரு. அண்ணன் பேரை சயாமுக்கு எழுதச் சொல்றாரு."

வீட்டில் பானை கழுவியபோது பார்த்தது அவளுக்கு நினைவு வந்தது. அடியில் ஒட்டிய தெளிந்த சவுக்காரம் வழவழவென்றிருந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்றத்தான் நுரைத்தது.

"எழுதறதுக்கு முன்ன ஒரு வாளி தண்ணி கேளு, தம்பி. சாராயம் சவுக்காரத்த ஒண்ணாச் சேர விடாது. உதிரியா நின்னா அழுக்க எப்படிச் சுத்திப் பிடிக்கும்? தண்ணி பெருகுனா சாராயத்து வலு போயிரும்."

வாளி வந்தது, பாதிதான். புட்டியைக் கவிழ்த்துக் கலக்கினாள். ஓரத்தில் நாலைந்து குமிழி. அதிகாரி திரும்பி நடக்கத் தொடங்கினான்.

"இன்னும் தண்ணி ஊத்துங்க" என்றாள் கணவனிடம், கையை எடுக்காமல்.

பொன்னுதுரை தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றினான். தெளிந்த தண்ணீர் பாலாடை நிறத்துக்கு மாறிற்று. நுரை முழங்கைவரை ஏறியது. துணியை முக்கிக் கசக்கினாள். கிரீஸ் கரைந்து கறுப்பாய் இறங்கியது. கருணாகரன் கூப்பிட, அதிகாரி வந்து துணியை முகர்ந்துகூடப் பார்த்தான். தலையசைத்தான்.

"சயாம் இல்லையாம்" என்றான் கருணாகரன். "ஆனா ரெண்டு பேரும் இனிமே இங்கதான். சண்டை முடியறவரைக்கும் காஜா பெராங்குக்குப் போகக்கூடாதாம்."

"துணிமணி எடுத்துட்டு வர?" என்றாள் சாரதாம்பாள்.

அதைக் கருணாகரன் அதிகாரியிடம் கேட்கவே இல்லை. பட்டறையின் பின்கட்டில் அடுப்பு ஏற்கெனவே போட்டிருந்தார்கள். பொன்னுதுரை விறகைப் பிளக்க உட்கார்ந்தான். சாரதாம்பாள் சாம்பலைச் சலிக்கத் தொடங்கினாள்.