எங்கள் ஊற்று பச்சையான நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த நேரம். அங்கே எங்களுக்கு ஒரு சின்ன லாட்ஜ் இருக்கிறது. பதினோரு அறைகள், கீழே ஒரு ஹால், பின்னால் மலையடிவாரத்தை ஒட்டி ஓர் ஊற்று. அந்த ஊற்றுதான் எனக்குப் பெருமை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத்தான் குடித்தோம். வாசல் மேசைக்குப் பக்கத்தில் ஒரு செம்புப் பானை வைத்து, தினமும் காலையில் என் கையாலேயே நிரப்புவேன். தங்க வருகிறவர்கள் பாட்டில் தண்ணீர் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இது மூலிகைத் தண்ணீர், இதைக் குடிக்கத்தானே ஊரே இங்கே வருகிறது என்று ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் விடுவேன். எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பை எங்கள் ஹாலிலேயே வைத்தோம். சமையலுக்கு இலஞ்சியிலிருந்து ஒரு அம்மாவைக் கூப்பிட்டிருந்தேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். வீட்டு விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுத்துத்தான் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். புளியோதரை, தேங்காய்ச்சாதம், தயிர்ச்சாதம், வெங்காயப் பச்சடி என்று இலை நிறையப் போட்டாள். சாப்பிட்டவர்கள் எல்லாரும் பாராட்டிவிட்டுப் போனார்கள். மகள் பிரசவத்துக்காக எங்களோடேயே தங்கிவிட்டாள்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். மகளுக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. மாசமாக இருக்கிறவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று இருந்துவிட்டேன். ஒரு காலையில் ஜன்னல் பக்கம் திரும்பியவளின் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள். கீழாநெல்லியை அரைத்து, ஊற்றுத் தண்ணீரில் கலந்து, மூன்று வேளையும் நானே பக்கத்தில் நின்று குடிக்க வைத்தேன். நாலாம் நாள் அவள் பேச்சு குழறியது. தென்காசியில் பார்த்த டாக்டர் ஒரு நிமிஷம்கூட வைத்துக்கொள்ளாமல் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார். அங்கே பெரிய டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த வகைக் காமாலை வந்தால் ரொம்ப ஆபத்து, இப்போதைக்குத் தாய்க்கும் சரி, பிள்ளைக்கும் சரி, எந்த உறுதியும் கொடுக்க முடியாது என்று.

அதே வாரத்தில் ஒவ்வொரு போனாக வர ஆரம்பித்தது. சம்பந்தி வீட்டில் இரண்டு பேருக்குக் காமாலை. தென்காசியில் கடை வைத்திருக்கும் என் தம்பிக்குக் காமாலை. யாரை விசாரித்தாலும் வளைகாப்புக்கு வந்தவர்கள். அப்புறம் எனக்கு என்ன சந்தேகம்? சமையல்காரிதான். பச்சடிக்கு வெங்காயத்தைக் கழுவியிருக்க மாட்டாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பிசைந்திருப்பாள். நானே கேட்டு நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்த அன்று, தென்காசிக் காய்கறிக் கடையில் அவளைப் பார்த்துவிட்டேன். சுற்றிலும் எவ்வளவு கூட்டம் என்றுகூட நான் பார்க்கவில்லை.

"ஏட்டி, கையில என்ன அழுக்க வச்சிக்கிட்டு என் வீட்டுல சமைச்ச? எம்பிள்ள சாகக் கெடக்கா, ஏட்டி!"

இன்னும் வாய்க்கு வந்தபடி என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது. அவள் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பிள்ளைக்கு இப்ப எப்படிக்கா இருக்கு?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வந்ததோடு விட்டேனா? தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னேன். அவளுக்கு வரவிருந்த விசேஷச் சமையல் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனதைக் கேள்விப்பட்டபோது, சரியாக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கிறவர்கள் என்று மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் தலைமை ஒரு சின்ன வயது டாக்டர் பெண். வளைகாப்புக்கு வந்த அத்தனை பேரின் பட்டியலையும் கேட்டாள். காமாலை வந்தவர்களிடம் ஒரு படிவம் நிரப்பினாள். சரி. அதே படிவத்தை, கல்லுக்குண்டாக இருப்பவர்களிடமும் கொண்டுபோனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை அங்கே சாகப் பிழைக்கக் கிடக்கிறாள், நோய் இல்லாதவனிடம் உட்கார்ந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டாயா என்று கேட்பது என்ன ஆராய்ச்சி என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. நோய் வந்தவர் செய்ததை மட்டும் கேட்டால் எல்லாமே குற்றவாளி மாதிரித்தான் தெரியும் அம்மா, வராதவர் எதைச் செய்யவில்லை என்பதும் தெரிய வேண்டும் என்றாள். எனக்குப் புரியவில்லை. எப்படியும் சமையல்காரிதான் என்று வரப்போகிறது, பார்த்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மாலை, ஹாலில் என்னை எதிரே உட்கார வைத்துப் பேசினாள். பச்சடி சாப்பிட்டவர்களில் பலருக்கு ஒன்றுமே இல்லை. சமையல்காரம்மாவும் அவள் பிள்ளைகளும் மிச்சத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒன்றும் இல்லை. அப்புறம் என் தம்பியின் படிவத்தை எடுத்தாள்.

"உங்க தம்பி அன்னைக்கு என்னம்மா சாப்பிட்டார்?"

எண்ணிப் பார்த்தேன். வளைகாப்பு நடந்தது வெள்ளிக்கிழமை. என் தம்பி பண்பொழி முருகனுக்கு நேர்ந்துகொண்டு வெள்ளிதோறும் விரதம் இருப்பவன். அன்று ஒரு பருக்கை தொடவில்லை. சாப்பிடாமல் போகிறானே என்று நான்தான் செம்புப் பானையிலிருந்து இரண்டு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

தண்ணீர்தான் என்று அவள் சொல்லாமலே விளங்கியது. ஆனாலும் என் ஊற்றை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. மலையிலிருந்து வருகிற தண்ணீர் எப்படிக் கெடும் என்று சண்டைக்குப் போனேன். அவள் எழுந்து லாட்ஜைச் சுற்றிப் பார்த்தாள். அதற்கு நாலு வருடத்துக்கு முன்னால் பின்பக்கம் மேட்டில் மூன்று அறைகள் சேர்த்துக் கட்டியிருந்தோம். அந்த அறைகளின் கக்கூஸ் தொட்டி எங்கே என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் காட்டினார். ஊற்றுக்கு மேலே, ஒரு பாறைக்கு அந்தப் பக்கம். அவள் ஒரு பொட்டலத்திலிருந்து சாயப்பொடியை அந்தக் கக்கூசில் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். நாளைக்கு வந்து பார்க்கிறேன், அதுவரை ஊற்றைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிந்ததும், தொடாதே என்று சொன்னதெல்லாம் மறந்து, கைப்பழக்கத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஊற்று முழுக்கப் பச்சை. கிளிப்பச்சை. மேலே சாரல் விழுந்துகொண்டிருக்கிறது, கீழே அது பளபளவென்று கிடக்கிறது. குடத்தைக் கீழே வைத்தேன். அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பேருக்கு மொண்டு கொடுத்தேன்! தங்கிவிட்டு ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் படுத்தார்களோ, யாரைப் போய்க் கேட்பது? படுக்கையில் கிடந்த பிள்ளைக்கு, வேண்டாம்மா என்று முகத்தைத் திருப்பியவளுக்கு, வாயைப் பிடித்து ஊற்றினேனே. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் எப்போதோ லேசாக வந்து தெரியாமலே போயிருக்கலாம் என்று அந்த டாக்டர் பெண் பிறகு சொன்னாள். அதைக் கேட்டு அழுகைதான் வந்தது. அந்தக் கடுமை எங்களுக்கு வந்திருக்கக் கூடாதா?

அன்று கிளம்பும்போது அவள் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டாள். குடிதண்ணீரைக் கொதிக்க வைத்தார்களா என்று எல்லாரிடமும் ஒரு கேள்வி உண்டாம். அதற்குச் சமையல்காரம்மா சொன்ன பதிலைப் படித்துக் காட்டி, உண்மையா என்று விசாரித்தாள். 'கொதிக்க வைக்கவா என்று கேட்டேன், வீட்டுக்காரம்மா வேண்டாம் என்றுவிட்டார்கள்.'

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வளைகாப்பன்று விடியற்காலையில், வயிற்றுப்பிள்ளைக்காரி குடிக்கிற தண்ணீர், ஒரு அண்டா கொதிக்க வைத்துவிடட்டுமா என்று அவள் கேட்டாள். கொதிக்க வைத்தால் மூலிகைச் சத்து போய்விடும், எங்கள் தண்ணீருக்கே குறை சொல்கிறாயா என்று நான் விரட்டினேன். அவள் கேட்டதும் மறந்துவிட்டது, நான் விரட்டியதும் மறந்துவிட்டது. கடையில் அத்தனை பேர் முன்னால் அவளை நிற்க வைத்தபோதுகூட நினைவு வரவில்லை.

மகள் பிழைத்துக்கொண்டாள். எட்டாம் மாதத்திலேயே பேரன் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வெகுநாள் இருந்து, அவனும் பிழைத்தான். அந்த மூன்று அறைகளையும் பூட்டினோம், தொட்டியையும் ஊற்றையும் மூடினோம். செம்புப் பானை பரணுக்குப் போய்விட்டது.

மகளையும் பேரனையும் வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே இலஞ்சிக்குப் போனேன். அவள் அப்போது ஒரு முறுக்குக் கம்பெனியில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பாய் விரித்து உட்காரச் சொன்னாள். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அன்று கடையில் ஏன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பிள்ளைய ஆஸ்பத்திரில போட்டுட்டு வந்து நிக்கியோ. அப்பப் போயி நான் சொன்னேன் நீங்க கேக்கலன்னு சொன்னா, நான் மனுசியாக்கா?"

பேரனுக்குக் காது குத்தும்போது அவள்தான் வந்து சமைக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். அவள் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. நான் பரிமாறுனா இனிம ஒருத்தரும் எலையப் பாக்க மாட்டாவ. என் கையத்தான் பாப்பாவ."

பிறகு உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

நான் தவறாகச் சொன்னேன் என்று அதன் பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அவளைப் பழித்தபோது காது கொடுத்துக் கேட்டவர்களில் பாதிப் பேர்கூட இதைக் கேட்கவில்லை. ஊற்றை மூடிவிட்டோம், நோயும் போய்விட்டது. நான் சொல்லிப் பரப்பியது மட்டும் ஊரில் இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதை எங்கே போய் அடைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.